பதப்படுத்திய மரம் காயும்போது: சுருக்கத்தின் அளவும் திசையும்

வெளிப்புறக் கட்டுமானத்துக்காக வாங்கும், அழுத்த முறையில் பதப்படுத்திய பைன் பலகையைக் கையில் தூக்கிப் பார்த்தாலே, அதே அளவுள்ள உலர்ந்த பலகையைவிட அது எவ்வளவு கனமானது என்பது தெரிந்துவிடும். அதை அறுத்தால் ரம்பத்தின் பற்களில் ஈரத்தூள் அப்பிக்கொள்கிறது. ஸ்க்ரூவை முடுக்கினால் அதன் தலையைச் சுற்றி நீர் கசிந்து நிற்கிறது. அந்த நீர் முழுவதும் பலகையைத் தளத்தில் பொருத்திய பிறகுதான் வெளியேறப் போகிறது. சில வாரங்களில் பலகைகளுக்கிடையே இடைவெளி விழுவதும், தூணில் நீளவாக்கில் பிளவு தோன்றுவதும், கைப்பிடிச் சட்டத்தின் மூலை வாய் திறப்பதும் இதன் விளைவுகளே. இவற்றைப் பார்ப்பவர்கள் மரம் மட்டமானது என்றோ, தச்சர் சரியாகப் பொருத்தவில்லை என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் மரம் காயும்போது ஏற்படும் சுருக்கத்தின் அளவும் திசையும் பெருமளவு முன்கூட்டியே கணக்கிடக்கூடியவை. அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கட்டுவதற்கும் போடாமல் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு முதல் ஆண்டுக்குள் வெளிப்பட்டுவிடும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், இவ்வளவு நீர் பலகைக்குள் எப்படி வந்தது என்ற கேள்வி. மூடிய உருளைக்குள் மரத்தை வைத்து, வெற்றிடத்தால் அதிலுள்ள காற்றை இழுத்துவிட்டுப் பின்னர் மரத்தைப் பூஞ்சை, கரையான் முதலியவற்றிலிருந்து காக்கும் மருந்தை அழுத்தி ஏற்றும் முறைக்கு ஜான் பெத்தெல் 1838-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அன்று ஏற்றப்பட்டது கிரியோசோட் என்னும் தார் எண்ணெய். நீரில் கரையும் உப்புகளை மரத்துக்குள் நிலைநிறுத்தும் வழி பிறகுதான் வந்தது. தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்த சி.சி.ஏ. என்னும் கலவையை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் உருவாக்கினார். உலகெங்கும் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்த அந்தக் கலவை, ஆர்செனிக் பற்றிய அச்சத்தால் 2003-ஆம் ஆண்டு இறுதியோடு அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் இடத்தைத் தாமிரத்தை அடிப்படையாகக் கொண்ட ஏ.சி.க்யூ., காப்பர் அசோல் முதலிய கலவைகள் பிடித்தன. மருந்துகள் மாறினாலும் அவை நீர்வழியாகவே ஏற்றப்படுகின்றன என்பது மாறவில்லை. உருளைக்குள் பாயும் கரைசலில் மருந்தின் பங்கு சில சதவீதம் மட்டுமே, மற்றதெல்லாம் தண்ணீர்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பைன் பலகைகள் பதப்படுத்தும் ஆலைக்குப் போகும்முன் பெரும்பாலும் சூளையில் உலர்த்தப்பட்டு, இழைக்கப்பட்டு, உரிய அளவுக்குக் கொண்டுவரப்பட்டவை. செல்களின் உட்குழிகளில் நீர் நிறைந்திருந்தால் கரைசல் நுழைய இடமிருக்காது என்பதால் உலர்த்துவது அவசியமாகிறது. அப்படி உலர்ந்த மரத்துக்குள்தான் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு அழுத்தத்தில் கரைசல் திணிக்கப்படுகிறது. சூளை பல நாள் எடுத்து வெளியேற்றிய நீர், சில மணி நேரத்தில் திரும்பவும் உள்ளே வந்துவிடுகிறது. ஆகவே, மரம் இழைக்கப்பட்டபோது 140 மி.மீ. அகலமாக இருந்த பலகை, உருளையிலிருந்து வெளியே வரும்போது உப்பி 143 அல்லது 144 மி.மீ. ஆகியிருக்கும். வாங்கியவர் அளவு நாடாவை வைத்துப் பார்க்கும் அகலம் இந்த உப்பிய அகலம்தான். பின்னால் ஏற்படும் சுருக்கத்தில் பெரும்பகுதி, அந்தப் பலகை தன் பழைய அளவுக்குத் திரும்புவதே ஆகும்.

மரத்தின் ஈரப்பதத்தை அளக்கும் முறையும் இங்கே தெரிந்திருக்க வேண்டும். 103 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்திய மரத்தின் எடையோடு ஒப்பிட்டு, அதிலிருந்த நீரின் எடை சதவீதமாகச் சொல்லப்படுகிறது. இதனால் ஈரப்பதம் நூறு சதவீதத்தைத் தாண்டவும் முடியும்; அப்போது மரத்திலுள்ள நீர், மரப்பொருளைவிடக் கனமானது என்று பொருள். இந்த நீர் முழுவதும் ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒரு பகுதி செல்களின் உட்குழிகளில் தளர்வாகத் தேங்கி நிற்கிறது. இன்னொரு பகுதி செல் சுவர்களின் பொருளோடு வேதியியல் ஈர்ப்பால் பிணைந்திருக்கிறது. காயும்போது முதலில் வெளியேறுவது தேங்கிய நீர். குழி காலியாவதால் எடை குறைகிறதே தவிரச் சுவரின் பருமன் மாறுவதில்லை. குழிகள் எல்லாம் வற்றி, சுவர்கள் மட்டும் நீரால் நிறைந்திருக்கும் கட்டத்தை நார்த் தெவிட்டு நிலை என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹாரி டீமன் 1906-இல் இந்தக் கருத்தை வகுத்தார். பெரும்பாலான மரங்களில் இந்த நிலை ஏறத்தாழ 30 சதவீத ஈரப்பதத்தில் அமைகிறது. இதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது.

முழுக்க உலர்ந்தால் 10 கிலோ எடையுள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். 80 சதவீத ஈரப்பதத்தோடு அது ஆலையிலிருந்து வந்தால் அதன் எடை 18 கிலோ. அது காய்ந்து 13 கிலோவாகும்போது 30 சதவீதத்தை எட்டுகிறது. அதுவரை 5 கிலோ நீர் போயிருந்தும் அகலத்தில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இராது. அதன் பிறகு 15 சதவீதத்துக்கு, அதாவது 11.5 கிலோவுக்கு, இறங்கும் அந்தக் கடைசி ஒன்றரைக் கிலோ நீர்தான் பலகையைச் சுருக்குகிறது. தளம் போட்டுச் சில நாள்களாகியும் இடைவெளி விழவில்லையே, இது சுருங்காத மரம் போலும் என்று நினைப்பவர் பார்ப்பது முதல் கட்டத்தை மட்டுமே. நடைமுறையில் இந்த இரு கட்டங்களுக்கும் நடுவே கறாரான கோடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலகையின் மேற்பரப்பு சீக்கிரம் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விடுகிறது. நடுப்பகுதியோ இன்னும் ஊறிக் கிடக்கிறது. சுருங்கத் துடிக்கும் தோலை உள்ளே இருக்கும் ஈரமான பகுதி சுருங்கவிடாமல் தடுப்பதால், தோல் இழுவிசைக்கு உள்ளாகி நுண்ணிய வெடிப்புகள் விடுகிறது. கடும் வெயிலில் புதுப் பலகையின் மேல்முகத்தில் சில நாள்களிலேயே மயிரிழைக் கீறல்கள் தோன்றுவது இதனால்தான்.

சுவரிலிருந்து நீர் போனால் மரம் ஏன் அகலத்தில் சுருங்குகிறது, நீளத்தில் ஏன் சுருங்குவதில்லை? செல் சுவரின் பெரும்பகுதியில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் செல்லின் நீளவாக்கை ஒட்டியே கிட்டத்தட்ட நேராக ஓடுகின்றன. நீர் மூலக்கூறுகள் அந்த இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்கி வைத்திருக்கின்றன. நீர் வெளியேறினால் இழைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. இழையின் நீளம் அப்படியே இருக்கிறது. அதனால் பச்சை மரம் முற்றிலும் உலர்ந்தாலும் நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதமே சுருங்குகிறது. அகலவாக்கிலோ இரண்டு வெவ்வேறு அளவுகள் உள்ளன. ஆண்டு வளையத்தைக் குறுக்கே கடந்து மையத்தை நோக்கிச் செல்லும் ஆரத் திசையில் ஓர் அளவு. வளையத்தைத் தொட்டுக்கொண்டு அதன் வழியே செல்லும் தொடுதிசையில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அளவு. பதப்படுத்தப் பெரிதும் பயன்படும் லாப்லாலி பைன் மரத்தில், தெவிட்டு நிலையிலிருந்து முழு உலர்வு வரை ஆரத் திசையில் 4.8 சதவீதமும் தொடுதிசையில் 7.4 சதவீதமும் சுருக்கம் ஏற்படுகிறது. மேற்குச் செஞ்சீடரில் இவை முறையே 2.4, 5.0; தேக்கில் 2.5, 5.8. ஆரத் திசையில் சுருக்கம் குறைவதற்கு, மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் கதிர்த் திசுக்கள் கட்டுக்கம்பி போல இழுத்துப் பிடிப்பது ஒரு காரணம். தொடுதிசையில் அதிகமாவதற்கு, ஒவ்வொரு வளையத்திலும் உள்ள அடர்த்தியான பின்பருவ மரம் தான் சுருங்கும்போது பக்கத்திலுள்ள மென்மையான முன்பருவ மரத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போவது இன்னொரு காரணம்.

30 சதவீதத்துக்கும் பூஜ்யத்துக்கும் இடையே சுருக்கம் ஏறக்குறைய நேர்விகிதத்தில் நடப்பதால், கட்டுபவருக்கு வேண்டிய கணக்கு எளிதாகிவிடுகிறது. வெளியே நிற்கும் மரம் ஒருபோதும் பூஜ்யத்துக்குப் போவதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு அது சமநிலை கொள்கிறது: சுமார் 20 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதமானால் மரத்தில் 12 சதவீதமும், 80 ஆனால் 16 சதவீதமும் ஈரம் நிலைக்கும். 15 சதவீதத்தில் நிலைபெறும் என்று வைத்துக்கொண்டால், முழுச் சுருக்கத்தில் பாதி நிகழும். வளையங்கள் பலகையின் அகலத்துக்கு இணையாகக் கிடக்கும்படி அறுத்த பலகையில் அகலம் முழுதும் தொடுதிசையாகும், 7.4-இல் பாதி 3.7 சதவீதம். 144 மி.மீ. அகலத்தில் அது ஐந்து மி.மீ.க்கு மேல். வளையங்கள் அகலத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பலகையாக இருந்தால் அதே கணக்கில் மூன்றரை மி.மீ.தான். இரண்டும் ஒரே கட்டில் கலந்து வருவதால், ஒரே நாளில் ஒரே கையால் போடப்பட்ட தளத்தில்கூட இடைவெளிகள் ஒன்றுபோல் அமைவதில்லை. பலகையின் நுனியைத் திருப்பி வளையங்கள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்ப்பது நொடி நேர வேலை. ஆனால் அதைவிட அதிகம் சொல்லும் சோதனை வேறில்லை என்பது என் கருத்து.

தளப் பலகைகளைப் பொருத்தும்போது இடைவெளி விட வேண்டுமா, நெருக்கி வைக்க வேண்டுமா என்பதில் தச்சர்களிடையே எப்போதும் இருவேறு பேச்சு உண்டு. இரண்டும் வெவ்வேறு மரத்துக்குச் சரியானவை. ஈரம் சொட்டும் பலகையை ஒன்றோடொன்று ஒட்டி அடித்துவிட்டால், காய்ந்த பிறகு நான்கைந்து மி.மீ. இடைவெளி தானாக விழும். மழைநீர் வடியவும் குப்பை விழுந்து போகவும் அது போதும். அதே ஈரப் பலகைக்கு முன்னெச்சரிக்கையாக ஆணி ஒன்றை இடையில் வைத்து இடைவெளி விட்டால், முடிவில் ஒரு சென்டிமீட்டரை நெருங்கும் பிளவுதான் கிடைக்கும். மாறாக, பதப்படுத்திய பின் மறுபடியும் சூளையில் 19 சதவீதத்துக்குக் கீழே உலர்த்திய பலகைகளை நெருக்கிப் போட்டால், அடுத்து வரும் தொடர் மழையில் அவை உப்பி ஒன்றையொன்று நெருக்கும். நகர இடமில்லாமல் உப்பும் மரத்தின் விளிம்புச் செல்கள் நசுங்கிவிடுகின்றன; நசுங்கியவை மீள்வதில்லை. மழை நின்று காய்ந்ததும் அந்த இடைவெளி முதலில் இருந்திருக்க வேண்டியதைவிடப் பெரிதாகத் தோன்றும். எனவே, இடைவெளி எவ்வளவு என்பதை முடிவு செய்யும்முன் மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிவதுதான் முறை. நீளவாக்கில் ஏறக்குறைய சுருக்கமே இல்லாததால், முனைக்கு முனை சேரும் இடத்தில் இந்தக் கவலை வேண்டியதில்லை. 4 மீட்டர் நீளப் பலகை நீளத்தில் இழப்பது சில மி.மீ. மட்டுமே. முனைகளை நெருக்கிச் சேர்க்கலாம் என்றாலும், அங்கே நீர் தேங்காமல் காக்க வேண்டியிருக்கிறது.

முதல் உலர்தலில் ஏற்படும் இந்தப் பெரும் சுருக்கத்தையும், அதன் பிறகு ஆண்டுதோறும் நடக்கும் சிறு ஏற்ற இறக்கத்தையும் ஒன்றாக எண்ணக்கூடாது. பலகை நிலைபெற்ற பிறகு, மழைக்காலத்தில் 18 சதவீதத்துக்கும் வறண்ட காலத்தில் 12 சதவீதத்துக்கும் இடையே ஊசலாடினால், அதே அகலத்தில் இரண்டு மி.மீ. அளவுக்கே அசையும். பெரும் அசைவு ஒருமுறைதான். ஆனால் அந்த ஒருமுறை, கட்டுமானம் முழுவதும் இறுக்கிப் பொருத்தப்பட்ட பிறகு நிகழ்கிறது.

இடைவெளியை விடக் கண்ணுக்கு உறுத்துவது பலகை குழிவதும் குவிவதும். வளையங்கள் வளைந்து கிடக்கும் பலகையில் மரப்பட்டையை நோக்கிய முகம் பெரும்பாலும் தொடுதிசையிலும், மையத்தை நோக்கிய முகம் அதைவிடச் சற்று ஆரத் திசையிலும் அமைகின்றன. ஆகவே காயும்போது பட்டைப்பக்க முகம் அதிகம் சுருங்குகிறது. விளிம்புகள் பட்டைப்பக்கமாக எழும்பி, பலகை அந்த முகத்தில் குழிகிறது. வளைந்த வளையங்கள் நேராக முயல்வதாக எண்ணிக்கொண்டால் திசை மறக்காது. இதிலிருந்துதான் பட்டைப்பக்கம் மேலே வர வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்ற பழைய வாதம் பிறக்கிறது. ஈரப் பலகையைப் பட்டைப்பக்கம் மேலாகப் பொருத்தினால் காயும்போது நடுவில் குழிவு விழுந்து நீர் நிற்கும் என்பது ஒரு தரப்பு. உலர்ந்த பலகையாக இருந்தால், மழையில் மேல்முகம் நனைந்து உப்பும்போது அதே பட்டைப்பக்கம் நடுவில் மேடாகி நீரை ஓடவிடும் என்பது மறு தரப்பு. இரண்டும் உண்மையே, தொடக்க ஈரம் வேறு என்பதால் விடை வேறாகிறது. இதோடு மூன்றாவதாக ஒன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: மையப்பக்கம் மேலாக இருந்தால், பல முறை நனைந்து காய்ந்த பிறகு கடினமான வளையப் பட்டைகள் முன்பருவ மரத்திலிருந்து பெயர்ந்து, வெறுங்காலில் குத்தும் செதில்களாக எழுகின்றன. இந்தக் காரணத்தாலேயே பைன் மரத்தில் பட்டைப்பக்கம் மேலே வருவது நல்லது என்று நான் கருதுகிறேன். குழிவைக் கட்டுப்படுத்த வளையத்தின் பக்கத்தை மட்டும் நம்புவதைவிட, நல்ல நீளமுள்ள ஸ்க்ரூ இரண்டை ஒவ்வொரு தாங்கு சட்டத்திலும் முடுக்குவதும், தளத்துக்கு அடியில் காற்றோட்டம் விடுவதும் அதிகப் பலன் தரும். அடியில் காற்று ஓடாத தளத்தில் மேல்முகம் வெயிலில் காய்ந்து சுருங்க, அடிமுகம் ஈரத்தில் உப்பியே கிடக்கும். அப்போது எந்த முகம் மேலே இருந்தாலும் பலகை குழியும்.

தூண்களின் கதை வேறு. 89 மி.மீ. சதுரத் தூண் பெரும்பாலும் மரத்தின் மையத்தைத் தன்னுள் அடக்கியதாகவே அறுபடுகிறது. அத்தகைய தூணில் வளையங்கள் முழு வட்டங்களாக நிற்கின்றன. வட்டத்தின் சுற்றளவு தொடுதிசையில் சுருங்க வேண்டும், ஆரம் ஆரத் திசையில் சுருங்க வேண்டும். ஆரம் 2.4 சதவீதம் சுருங்கும்போது சுற்றளவு 3.7 சதவீதம் சுருங்க விரும்பினால், மீதி 1.3 சதவீதத்துக்கு வடிவியலில் இடமில்லை. எங்காவது திறந்துதான் ஆக வேண்டும். 89 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 280 மி.மீ.; அதில் 1.3 சதவீதம் மூன்றரை மி.மீ.க்குச் சற்று அதிகம். அது முழுவதும் ஒரே வெடிப்பில் குவிந்தால், தூணின் ஒரு முகத்தில் மையத்தை நோக்கி ஆப்பு வடிவில் இறங்கும் பிளவு அந்த அகலத்துக்குத் தெரியும். மையத்தை அடக்கிய தூண் வெடிப்பது, ஆகவே, தரக்குறைவின் அடையாளம் என்று கொள்ளத் தேவையில்லை. நீளவாக்கில் அழுத்தச் சுமை தாங்கும் தூணின் வலிமையை இத்தகைய வெடிப்பு பெரிதாகப் பாதிப்பதும் இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று உண்டு. மருந்து மரத்தின் வெளிப்புறத்திலுள்ள வெள்ளைப் பகுதியில் நன்றாக ஏறுகிறது; வைரப் பகுதிக்குள் அது எளிதில் நுழைவதில்லை. காய்ந்து வெடித்த பிளவு, மருந்தேறிய உறையைத் தாண்டி மருந்தேறாத வைரப்பகுதி வரை இறங்கினால், மழைநீருக்கும் பூஞ்சைக்கும் உள்ளே போக வழி கிடைத்துவிடுகிறது. மின்கம்பங்களில் பதப்படுத்தும்முன்பே மையம் வரை ஒரு நீள வெட்டுப் போட்டுவிடும் வழக்கம் இதனால்தான் வந்தது. சுருக்கம் அந்த வெட்டில் திறந்துகொள்ள, வெட்டின் சுவர்களிலும் மருந்து ஏறியிருக்கும். கட்டுமானத் தூணில் அந்த வசதி இல்லை. எனவே பிளவு விழுந்த முகம் மழைச்சாரல் படாத பக்கம் அமையுமாறு பார்த்துக்கொள்வதும், தூணின் தலையை மூடி வைப்பதும், அறுத்த முனைகளுக்கெல்லாம் காப்பர் நாப்தனேட் போன்ற மருந்தைப் பூசுவதும் செய்யக்கூடியவை. கிடையாகக் கிடக்கும் உத்தரத்தின் மேல்முகத்தில் விழும் வெடிப்பு இன்னும் மோசமானது. அது நீரைத் தேக்கி வைக்கும் வாய்க்காலாகிவிடும்.

தாங்கு சட்டங்களில் சுருக்கம் கண்ணில் படுவதில்லை, ஆனால் அதன் தொந்தரவு பெரிது. 235 மி.மீ. உயரமுள்ள சட்டம் ஈரமாகப் பொருத்தப்பட்டால், ஆரமும் தொடுதிசையும் கலந்த சராசரியாக மூன்று சதவீதம் சுருங்கி ஏழு மி.மீ. உயரத்தை இழக்கும். அது உலோகத் தாங்கியில் உட்கார்ந்திருந்தால் அடிமட்டம் அசையாது, இறங்குவது மேல்மட்டம். அடுத்தடுத்த சட்டங்கள் எல்லாம் ஒரே ஈரத்தில் இருந்தால் எல்லாம் ஒன்றுபோல் இறங்கிவிடும், தளத்தில் எதுவும் தெரியாது. நடுவில் ஒன்றிரண்டு பழைய, காய்ந்த சட்டங்களைக் கலந்துவிட்டால் அவை இருந்த இடத்திலேயே நிற்க, சுற்றியுள்ளவை இறங்கி, தளம் அலை அலையாகிறது. மீந்துபோன மரத்தைச் சேர்த்துக் கட்டும் சிக்கனம் இந்த ஓரிடத்தில் கூடாது. சுவரோடு போல்ட் போட்டு இணைத்த சட்டத்துக்கும், தூண்மேல் ஏறிய உத்தரத்தின் மேல் படுத்திருக்கும் சட்டத்துக்கும் இறங்கும் அளவு ஒன்றாக இராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உத்தரம் சுருங்குவதும் சட்டம் சுருங்குவதும் சேர்ந்து அந்த முனை இரட்டிப்பாக இறங்கும். நீர் வீட்டுப்பக்கம் ஓடாமல் வெளிப்பக்கம் ஓடுவதற்காக விடும் சரிவுக்கு, நல்வாய்ப்பாக, இந்தக் கூடுதல் இறக்கம் உதவியாகவே அமைகிறது.

அகலமான மரத்தை இரும்புத் தகட்டோடு சேர்த்துப் பல போல்ட்களால் பிணைப்பது, சுருக்கத்தைப் பற்றி யோசிக்காதவர்கள் செய்யும் மிகக் கடுமையான பிழை என்று நான் சொல்வேன். இரும்பு சுருங்காது, மேல்வரிசை போல்ட்டுக்கும் கீழ்வரிசை போல்ட்டுக்கும் நடுவே உள்ள மரம் சுருங்க முயலும், வழியில்லாதபோது நார்வாக்கில் பிளக்கும். அமெரிக்க மர வடிவமைப்பு விதிமுறை இத்தகைய இணைப்பில் வெளி வரிசைகளுக்கு இடைப்பட்ட தொலைவைப் பொதுவாக 5 அங்குலத்துக்குள், அதாவது 127 மி.மீ.க்குள், வைக்கச் சொல்வது இந்தக் காரணத்துக்காகவே. போல்ட்டின் நீளவாக்கிலும் சுருக்கம் வேலை செய்கிறது. இருபுறமும் 38 மி.மீ. சட்டம், நடுவில் 89 மி.மீ. தூண் என்று அடுக்கி முடுக்கிய இணைப்பில் மொத்தம் 165 மி.மீ. மரம் இருக்கிறது, அது காய்ந்தால் நான்கைந்து மி.மீ. மெலிந்துவிடும். இறுக்கமாக முடுக்கிய நட்டு, கையால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். ஆகவே போல்ட்டின் தலையும் நட்டும் மீண்டும் முடுக்கக் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். பலகையால் மூடிவிடக் கூடாது. ஆணி அடித்த இடங்களில் மரம் மெலிய மெலிய ஆணித்தலை மேலே துருத்திக்கொண்டு நிற்பதும் இதே காரணத்தால்தான். ஸ்க்ரூ இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். தாமிரம் மிகுந்த புதிய கலவைகள் ஈரமாக இருக்கும்போது சாதாரண இரும்பை விரைவாக அரிப்பதால், சூட்டில் முக்கித் துத்தநாக முலாம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோதான் பயன்பட வேண்டும்.

கைப்பிடிச் சட்டத்தில் இரண்டு பலகைகளை 45 டிகிரியில் வெட்டிச் சேர்க்கும் மூலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. வெட்டும் நாளில் அது மயிரிழையும் நுழையாதபடி சேர்ந்திருக்கும். பலகை அகலத்தில் 3.7 சதவீதம் சுருங்கி, நீளத்தில் சுருங்காமல் நின்றால், வெட்டுக்கோட்டின் சாய்வு 45 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 44 டிகிரிக்கு மாறிவிடுகிறது. இரு பலகைகளிலும் ஒவ்வொரு டிகிரி குறைந்ததால், வெளிமுனைகள் தொட்டுக்கொண்டே இருக்க, உள்மூலை ஏழு மி.மீ. வரை பிளந்து நிற்கும். பசை, ஆணி எதுவும் இதைத் தடுக்க முடியாது, ஏனெனில் இங்கே மாறியது கோணம். ஈர மரத்தில் இந்த மூலைப் பொருத்தைத் தவிர்த்து, ஒரு பலகையின் முனையை மற்றொன்றின் பக்கத்தில் நேராக முட்டவைப்பதே அறிவுடைமை. மெல்லிய செங்குத்துக் கம்பிச் சட்டங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. குழந்தையின் தலை நுழையாதபடி அமெரிக்க மாதிரி வீட்டுக் கட்டட விதி, 4 அங்குலக் கோளம் நுழைய முடியாத இடைவெளியைக் கேட்கிறது. 38 மி.மீ. சட்டம் காய்ந்தால் ஒரு மி.மீ.க்கு மேல் மெலியும். ஈர மரத்தில் எல்லையை ஒட்டி அளந்து பொருத்தினால், காய்ந்தபின் அந்த இடைவெளி விதியை மீறிவிடும்.

நீளவாக்கில் சுருங்காது என்ற விதிக்கு விலக்குகளும் உள்ளன. விரைவாக வளர்ந்த பைன் மரத்தின் முதல் சில ஆண்டு வளையங்களில் நுண்ணிழைகள் நேராக ஓடாமல் சாய்ந்து ஓடுகின்றன. சாய்ந்து நின்று வளர்ந்த மரத்தில் உருவாகும் அழுத்த மரத்திலும் அப்படியே. இத்தகைய பகுதி நீளத்தில் ஒரு சதவீதத்துக்கும் மேல் சுருங்கக்கூடும். ஒரு விளிம்பில் இது இருந்து மறு விளிம்பில் இல்லையென்றால், பலகை வில்லாக வளைந்துவிடும். நார் சுற்றிக்கொண்டு வளர்ந்த மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். தூணில் இது ஏற்பட்டால் திருத்த வழியே இல்லை.

மருந்து ஏற்றியதே சுருக்கத்தைக் குறைக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். தாமிர உப்புகள் பூஞ்சையையும் கரையானையும் தடுக்கின்றன. செல் சுவரில் நீரின் இடத்தை அவை பிடித்துக்கொள்வதில்லை. சுவரில் நீர் இருந்த இடத்தை வேறொரு பொருளால் நிரப்பினால்தான் சுருக்கம் நிற்கும். 1628-இல் மூழ்கி 1961-இல் மீட்கப்பட்ட வாசா என்னும் சுவீடன் நாட்டுக் கப்பலின் மரத்தின்மீது 1962 முதல் 1979 வரை பாலிஎத்திலீன் கிளைக்கால் தெளித்துக்கொண்டே இருந்தது இதற்காகத்தான். கட்டுமான மரத்தில் அது நடைமுறைக்கு ஒவ்வாது; மெழுகு கலந்த நீர்விலக்கிகள் நனைவதையும் காய்வதையும் மெதுவாக்கித் திடீர் அசைவைத் தணிக்கும், அவ்வளவே.

செய்யக்கூடியது, மரத்தைக் காயவிட்டுப் பயன்படுத்துவது. தரையிலிருந்து உயர்த்தி, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே ஒரே பருமனுள்ள ரீப்பர்களை ஒன்றன்மேல் ஒன்று நேர்கோட்டில் வைத்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்கினால், மெல்லிய பலகைகள் சில வாரங்களில் பெரும்பகுதி காய்ந்துவிடும். பருமன் இரட்டித்தால் காயும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால் தூண்களுக்குப் பல மாதங்கள் வேண்டும். அவற்றுக்குக் காத்திருக்க முடியாதவர் சூளையில் மறு உலர்த்தல் செய்த தூணையே தேட வேண்டும். ஊசி குத்தி மின்தடையால் ஈரத்தை அளக்கும் கருவி, மரத்திலுள்ள தாமிர உப்பும் மின்சாரத்தைக் கடத்துவதால், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்புண்டு. ஆகையால் ஒரே பலகையின் ஒரே இடத்தில் சில நாள்களுக்கு ஒருமுறை அளந்து, எண் குறைவது நிற்கிறதா என்று பார்ப்பது, அந்த எண்ணை அப்படியே நம்புவதைவிட நல்லது. பருமனில் கால்பங்கு ஆழத்துக்கு ஊசி இறங்க வேண்டும். மேற்பரப்பில் குத்தினால் தோலின் கதை மட்டும் தெரியும்.

பூச்சுக்கும் இதே பொறுமை வேண்டும். ஈரமான மரத்தின்மீது படலமாகப் பூசிய பெயின்ட், உள்ளிருந்து வெளியேறும் நீராவியால் கொப்புளித்து உரியும். பின்னர் மரம் வெடிக்கும்போது அந்தப் படலமும் வெடிப்பின் வழியே கிழியும். மேற்பரப்பில் சில துளி நீர் தெளித்தால் பத்து நிமிடத்துக்குள் அது உறிஞ்சப்படுமானால் மரம் பூச்சை ஏற்கத் தயார் என்று கொள்ளலாம். முத்தாகத் திரண்டு நின்றால் ஈரமோ மெழுகோ இன்னும் இருக்கிறது. ஊடுருவும் வகை எண்ணெய்ப் பூச்சு, படலம் கட்டாமல் வெடிப்புகளின் விளிம்பிலும் இறங்குவதால், இத்தகைய மரத்துக்கு அதுவே பொருத்தமானது. முதல் வறண்ட காலம் முடிந்து, போல்ட்களை மறுமுறை முடுக்கி, துருத்திய ஆணிகளைப் பிடுங்கி ஸ்க்ரூவாக மாற்றிய பிறகு பூசினால், அந்தப் பூச்சு புதிதாகத் திறந்த வெடிப்புகளுக்குள்ளும் இறங்கும். அடுத்து வரும் மழைநீர் அங்கே எளிதில் புகாது.